இருநூறு கதிரை

"என்ன புள்ள படிக்கிறாய்?" என்று யார் கேட்டாலும் கம்சாயினி முதலில் கேட்டவரின் முகத்தைப் பார்ப்பாள். பதில் அதற்குப் பிறகுதான் முடிவாகும். வெல்லாவெளிச் சந்தியில் பஸ்ஸுக்கு நின்ற ரீச்சருக்கு "முகாமைத்துவம்" என்றாள். கோயில் வீதியில் கச்சான் கொறித்துக்கொண்டிருந்த பள்ளிக்கூடக் கூட்டாளிகளுக்கு "நாடகம்" என்றாள். ஒருமுறை துணிந்து இரண்டையும் சேர்த்துச் சொன்னபோது, தபால்காரர் சைக்கிளை நிறுத்தி, "அப்ப பேங்குக்குள்ள கூத்தாடுற வேலையா?" என்றார். அவர் சிரித்துவிட்டுப் போய்விட்டார். அந்தக் கேள்வி மட்டும் மட்டக்களப்பு வரும்வரை பஸ்ஸில் அவளோடு கூடவே வந்தது.

பட்டத்தின் முழுப் பெயர் "படைப்புக் கலைகளும் வணிக முகாமைத்துவமும்". மாணவர் அடையாள அட்டையில் இரண்டு வரி பிடித்தது. காலையில் நுகர்வோர் நடத்தை, பின்னேரம் முகமூடி செய்தல். விரலில் பசை காய்ந்திருக்க அவள் சந்தைப்படுத்தல் பரீட்சை எழுதியிருக்கிறாள். நடனம் மட்டும் படித்தவர்கள் மேடையேறிவிட்டார்கள். வணிகம் மட்டும் படித்தவர்கள் வங்கிப் பயிற்சிக்குப் போய்விட்டார்கள். தான் எந்தப் பக்கம் என்று நான்காம் வருடத்திலும் அவளுக்குத் தெரியாது. ஆனால் விரிவுரை நாள் என்றால் அலாரம் அடிக்க முதலே விழிப்பு வந்துவிடும். பிடித்திருக்கிறது என்பதற்கு அதைவிட வேறு அத்தாட்சி அவளிடம் இருக்கவில்லை.

தன் வீட்டிலிருந்து பல்கலைக்கழகம் போன முதல் ஆள் அவள்தான். அப்பா கட்டாரில் பாரந்தூக்கி ஓட்டுகிறார். ஓகஸ்டில் ஒப்பந்தம் முடிகிறது. மகள் பட்டம் முடித்தால் ஊருக்கு வந்துவிடுவார். முடிக்காவிட்டால் இன்னும் ஒரு வருடம் நிற்பார். அதை அவர் கண்டிப்பாகச் சொல்லவில்லை. "நீ முடிச்சாப் போதும், நான் வந்திருவன்" என்று ஒவ்வொரு வெள்ளிக்கிழமையும் போனில் சொல்வார். அவ்வளவுதான்.

பட்டம் முடிய ஒரே ஒரு தடை மிச்சம் இருந்தது, இறுதி வருடச் செயற்றிட்டம். மூன்று பேர் சேர்ந்து ஒரு படைப்பை உருவாக்க வேண்டும். அதைப் பார்க்கப் பல்கலைக்கழகத்துக்கு வெளியிலிருந்து இருநூறு பேரை வரவழைக்க வேண்டும். விரிவுரையாளர் நஸீறா மிஸ் முதல் நாளே தெளிவாகச் சொல்லிவிட்டார்.

"படைப்பு நல்லா இரிந்தாக் காணாது. ஆக்கள் வாறது அதிஷ்டமில்ல, அதுவும் உங்கட வேலதான். துவங்கிப் பதினைஞ்சாவது நிமிசம் நான் தலை எண்ணுவன். நூத்தித் தொண்ணூத்தொம்பது எண்டா, அடுத்த வரிசம் திரும்பச் செய்யுங்க."

கம்சாயினியின் குழுவில் காத்தான்குடி ரிப்காவும் வாழைச்சேனை மதுரனும் இருந்தார்கள். ரிப்கா எதையும் அட்டவணை போட்டுத்தான் செய்வாள். மதுரன் எதையும் கடைசி நாளில்தான் செய்வான், ஆனால் நன்றாகச் செய்வான். நாடகத்தை மூவருமாக எழுதினார்கள். வயல் வட்டைக்குள் இறங்கி நெல்லைத் தின்ற யானையை விவசாயிகள் பிணக்குத் தீர்க்கும் இணக்கசபைக்குக் கூட்டி வருகிறார்கள். யானையோ தன் காட்டுக்குள் இறங்கிய மனிதர்கள் மேல் எதிர்முறைப்பாடு வைக்கிறது. வெல்லாவெளியில் யானையைப் பற்றிக் கதை சொல்லாத வீடே இல்லை. ஆகவே நாடகமும் வெல்லாவெளியில்தான் என்று கம்சாயினி அடித்துச் சொன்னாள். அறுவடை முடிந்து சும்மா கிடந்த ஒரு அரிசி ஆலையின் நெல் காயவைக்கும் சீமெந்துத் தளம் கிடைத்தது. சித்திரை மாதச் சனிக்கிழமை, பின்னேரம் நாலு மணி. ஆட்கள் இருக்க இருநூறு கதிரைக்குச் சொல்லியாயிற்று.

விளம்பரமும் பாடத்தில் படித்தபடியே நடந்தது. மதுரன் வரைந்த போஸ்டரில் யானை கண்ணாடி போட்டு வழக்குக் கோவையைப் படித்துக்கொண்டிருந்தது. ஆட்டோவில் மைக் கட்டி ஊரை மூன்று சுற்றுச் சுற்றினார்கள். முகநூலில் எண்ணூற்று நாற்பது பேர் "வருகிறோம்" என்று அமத்தியிருந்தார்கள். புதன்கிழமை வீட்டுக்கு வந்த கம்சாயினி அந்த எண்ணைத் தாய்க்குக் காட்டினாள். அன்னப்பூரணி மரவள்ளிக்கிழங்கு உரித்த கையைத் துடைக்காமலே எட்டிப் பார்த்தாள்.

"நல்லம்" என்றாள்.

"நீங்களும் மாமியாக்களும் எத்தின மணிக்கு வாறீங்க?"

"எங்க?"

"நாடகத்துக்கம்மா."

"எங்களுக்கு ஆர் சொன்ன?"

பகிடி என்று நினைத்துக் கம்சாயினி சிரித்தாள். தாய் சிரிக்கவில்லை.

"நான் உங்கட மகள்."

"மகள் செய்யிற விசேசத்துக்குத் தாய் வரலாம். மாமி வருவாவா? போஸ்டரப் பாத்துட்டுப் போறது, கூப்பிடாத வீட்டுல போய்ப் பந்தியில குந்தின மாதிரிப் புள்ள."

"ஊரெல்லாம் மைக்கில சொன்னமே."

"மைக்கில சொன்ன றோட்டுக்கு. வாசல் படலைக்குள்ள வந்து சொன்னாத்தானே வீட்டுக்கு."

இது கம்சாயினிக்குத் தெரியாத விஷயமா? அவள் பெரியபிள்ளையானபோது அம்மா வீடு வீடாகப் போய், உள்ளே இருந்து, ஒரு மிடறாவது தேத்தண்ணி குடித்துச் சொல்லிவிட்டு வந்தது நினைவில் இருக்கிறது. அப்படியிருந்தும் நான்கு மாதமாக அந்த எண்ணம் ஒருமுறைகூட வரவில்லை. நுகர்வோர் நடத்தையில் அவள் எடுத்தது 'ஏ'. படித்ததால் மறந்ததா, மறப்பதற்காகத்தான் படித்ததா என்று யோசிக்கத் தொடங்கினாள். யோசிக்க நேரம் இல்லை. மூன்று நாள்தான் இருந்தது. போனை எடுத்து இரண்டு பேருக்கும் ஒரே குரற்செய்தி அனுப்பினாள்: "விடிய முதல் பஸ்ஸுக்கு வாங்க. வீடு வீடாப் போறம்."

வியாழன் காலை வந்திறங்கியபோதே ரிப்காவின் கையில் வரைபடம் இருந்தது. பஸ்ஸில் வரும்போதே ஊரின் தொண்ணூற்று நான்கு வீடுகளையும் போனில் குறித்து, நடந்த பாதையில் திரும்ப நடக்காதபடி வரிசைப்படுத்தியிருந்தாள். முதல் வீடு வாய்க்கால் கரையில். அன்னப்பூரணி பாலர் பாடசாலைக்குச் சமைக்கப் போய்விட்டாள். மூவரும் புறப்பட்டார்கள்.

அப்படியொரு நாள் கம்சாயினியின் வாழ்க்கையில் வந்ததில்லை. ஒவ்வொரு வீட்டிலும் ஒரு யானை வெளியே வந்தது. ஒரு வீட்டில் யானை குசினிச் சுவரை இடித்து உப்பை மட்டும் தின்றுவிட்டுப் போயிருந்தது. இன்னொரு வீட்டில் வெடி கொளுத்தப் போனவர் யானையைக் கண்டு பயந்து வெடியையே சாரத்துக்குள் செருகிக்கொண்டு ஓடியிருந்தார். "உங்கட நாடகத்துல உண்மையான யானையா வருது?" என்று ஒரு கிழவர் கேட்க, "பாதி உண்மை, நான் பின்பாதி" என்றான் மதுரன். கம்சாயினி படலைக்கு வெளியே வந்ததும் வந்ததுமாக வசனங்களைக் கொப்பியில் கிறுக்கினாள். நாடகம் நடந்துகொண்டே வளர்ந்தது.

இருபதாவது வீட்டில் மதுரன் வயிற்றைத் தடவினான். "இன்னொரு தேத்தண்ணி குடிச்சா நான் நடக்கேலா. தள்ளித்தான் கொண்டுபோவணும்."

"குடிக்காட்டிக் கோவிப்பாங்கடா" என்றாள் கம்சாயினி.

"எங்கட ஊர்லயும் போய்த்தான் சொல்லோணும்" என்றாள் ரிப்கா. "ஆனா நாங்க பிஸ்கட்டும் வெப்பம்."

பின்னேரம் நாற்பது வீடு முடித்துக் கால் வலிக்கத் திரும்பியபோது அன்னப்பூரணி வாசலில் நின்றாள்.

"முதல் ஆருக்குச் சொன்னீங்க?"

"வாய்க்கால் கரையில, தம்பாப்பிள்ளை வீட்டுக்கு."

"மூத்த மாமாவுக்கு?"

ரிப்கா வரைபடத்தைப் பார்த்தாள். "அவர் எண்பத்திரெண்டாவது. நாளைக்கு வரும்."

அன்னப்பூரணி அப்படியே படியில் இருந்துவிட்டாள். வினாயகமூர்த்தி அவளுடைய மூத்த அண்ணன். ஊரின் வட்டைவிதானையும் அவர்தான். எந்த நாளில் வாய்க்காலுக்குத் தண்ணீர் திறப்பது, எப்போது விதைப்புத் தொடங்குவது என்று நூறு வயற்காரர்களுக்கு அறிவிப்பவர். அந்தக் குடும்பத்தில் கல்யாணமோ காதுகுத்தோ, முதல் சொல் தாய்மாமனுக்குத்தான் போகும். இன்றைக்கு அது நாற்பது வீட்டைச் சுற்றிக்கொண்டு, நாற்பது வாயால், அவருடைய காதுக்குப் போய்ச் சேர்ந்திருக்கும்.

"இந்த வரிச எனக்குத் தெரியாமப் போச்சே" என்றாள் ரிப்கா மெதுவாக.

"உனக்கு எப்பிடித் தெரியும்? எனக்குத்தானே தெரிஞ்சிருக்கணும்" என்றாள் கம்சாயினி.

வெள்ளிக்கிழமை காலையிலேயே மாமா வீட்டுக்குப் போனார்கள். வினாயகமூர்த்தி தண்ணீர்ப் பம்பி ஒன்றைக் கழற்றி வைத்துக்கொண்டு இருந்தார். ஏசவில்லை. கதிரை போடச் சொன்னார். மழை இல்லாததைப் பற்றிக் கதைத்தார். அதுதான் கம்சாயினிக்குப் பயமாக இருந்தது.

"நாளைக்கு நாடகம் மாமா. நீங்க கட்டாயம் வரணும்."

"ஓம், கேள்விப்பட்டன். நாப்பது வீட்டுல தேத்தண்ணி குடிச்சிட்டு வாறீங்க. களைச்சிருப்பீங்க. இஞ்சேருங்க, புள்ளையளுக்குத் தண்ணி மட்டும் குடுங்க, காணும்" என்று கடைசியில் குசினியிலிருந்த மாமிக்குக் குரல் கொடுத்தார்.

"வருவீங்கதானே மாமா?"

"பாப்பம்."

றோட்டுக்கு வந்ததும் மதுரன் கேட்டான்: "பாப்பம் எண்டா வாறதா, வராததா?"

"வராதது" என்றாள் கம்சாயினி. "அவர் வராட்டி அவர்ர பக்கத்து ஆக்கள் ஒருத்தரும் வரமாட்டாங்க."

மிச்ச வீடுகளுக்கும் போனார்கள். எல்லாரும் அன்பாகவே கதைத்தார்கள். "மாமா வாறாராமா?" என்று எல்லாரும் கேட்டார்கள்.

சனிக்கிழமை. சீமெந்துத் தளம் அடுப்புமாதிரிக் கொதித்தது. பவுசர் வண்டியில் தண்ணீர் அடித்துக் குளிர வைத்துக் கதிரைகளை அடுக்கினார்கள். மூன்றரைக்கு வாய்க்கால் கரை ஆட்கள் வந்தார்கள். மூன்று ஐம்பதுக்குத் தொண்ணூறு பேர். நாலு மணிக்கு ரிப்கா மைக்கைப் பிடித்து வரவேற்புரையை இழுக்கத் தொடங்கியபோது நூற்று நாற்பது. நஸீறா மிஸ் பெருவிரலால் அமத்தி எண்ணும் சின்னக் கருவியோடு கடைசி வரிசையில் நின்றார்.

திரைக்குப் பின்னால் யானை தயாராகிக்கொண்டிருந்தது. முன்பாதி கம்சாயினி, பின்பாதி மதுரன். ஆலையில் வாங்கிய பழைய சாக்குகளைச் சாம்பல் நிறம் பூசி, இரண்டு பாதியையும் ஒன்றாகத் தைத்திருந்தார்கள். தலையை மாட்ட முதல் கம்சாயினி திரை ஓட்டையால் பார்த்தாள். கதிரைகளுக்கு அப்பால், ஆலைப் படலைக்கு வெளியே, றோட்டில் இரண்டு உழவு மெசின்கள் பெட்டி பூட்டி நின்றன. பெட்டி நிறைய ஆட்கள். முன்னால் வெள்ளை வேட்டியோடு வினாயகமூர்த்தி மாமா. யாரும் இறங்கி உள்ளே வரவில்லை.

"அம்மா, மாமா வந்து நிக்கிறார். ஏன் உள்ளுக்கு வாறார் இல்ல?"

உதவிக்கு வந்து பக்கத்தில் சேலையைச் சரிசெய்துகொண்டிருந்த அன்னப்பூரணியும் எட்டிப் பார்த்தாள். "கோவமெண்டாலும் மருமகளிட விசேசத்துக்கு வராம இரிப்பாரா? ஆனாப் படலையில ஆரு நிக்கிற, வாங்க எண்டு சொல்ல? ஒருத்தரும் இல்லையே. பொறு, நான் போய்க் கூப்பிடுறன்."

"நீங்க கூப்பிட்டா அது தங்கச்சி கூப்பிட்டது. செய்யிறது நான்."

அவள் ஓடினாள். உடுப்பு ஒன்றாகத் தைத்திருந்ததால் பின்கால்களும் ஓட வேண்டியிருந்தது. "அடியே, எங்க போறம்? நாடகம் துவங்கிட்டா?" என்று உள்ளேயிருந்து மதுரன் கேட்டுக்கொண்டே வந்தான். தலையில்லாத யானை கதிரை வரிசைகளின் நடுவால் படலையை நோக்கி ஓடுவதைக் கண்டு சனம் எழும்பி நின்றது. ரிப்கா வரவேற்புரையை நிறுத்தினாள்.

படலையில் நின்று மூச்சு வாங்கியபோது, தான் இப்போது நடிக்கிறாளா, சந்தைப்படுத்துகிறாளா என்று கம்சாயினிக்கே தெரியவில்லை. தெரிய வேண்டும் என்றும் தோன்றவில்லை.

"மாமா, பிழை என்னிலதான். முதல் உங்களுக்குத்தான் சொல்லியிருக்கணும். கிட்டக் கிடந்த வீட்டுல துவங்கிட்டன். வாங்க மாமா. எல்லாரும் வாங்க."

வினாயகமூர்த்தி அவளுடைய முகத்தைப் பார்த்தார். பிறகு சாக்குக் கால்களைப் பார்த்தார். பிறகு பின்னால் குனிந்து நின்ற மற்றப் பாதியைப் பார்த்தார்.

"உள்ளுக்க ஆரு?"

"மதுரன், வாழைச்சேனை" என்றது பின்பாதி. "நேற்று உங்கட வீட்டுல தண்ணி குடிச்ச."

பெட்டியிலிருந்த பெண்கள் வாயைப் பொத்தினார்கள். வினாயகமூர்த்தி கொஞ்சநேரம் அடக்கிப் பார்த்தார். முடியவில்லை. தோள் குலுங்கியது.

"முப்பது வரிசமா வட்டைக்குள்ள வாற யானையத் துரத்திறன்" என்றார். "கூப்பிட வந்த யானை இது ஒண்டுதான்." பெட்டிப் பக்கம் திரும்பினார். "இறங்குங்க. என்ன பாத்துக்கொண்டிரிக்கீங்க?"

அவர் முதலில் நடக்க, பின்னால் சனம் நடந்தது. யானை ஓரத்தால் திரும்பி ஓடியது. கதிரைகள் நிரம்பின. வளர்ந்தவர்கள் மடியில் பிள்ளைகளை ஏற்றிக்கொண்டார்கள். இளந்தாரிகள் மதிலில் ஏறினார்கள். ஆலைக்காரர் தன் மேசையையே தூக்கிக் கொண்டுவந்து அதில் நான்கு பேரை இருத்தினார்.

திரைக்குப் பின்னால் அன்னப்பூரணி யானைத் தலையை மகளின் தலைமேல் இறக்கினாள். உள்ளே இருட்டும் பசை மணமும். அப்போது ரிப்கா ஓடிவரும் செருப்புச் சத்தம் கேட்டது.

"கம்சா, மிஸ் இருநூத்தி முப்பத்தொண்டோட எண்ணுறத நிப்பாட்டிட்டா."

"ஏன்?"

"இரிக்க இடம் தேடுறா. கதிரை இல்லாம நிக்கிறா."

"அவவுக்கு ஒண்டு எடுத்துக் குடு."

"இரிந்தாக் குடுக்கமாட்டனா?"

பின்னாலிருந்து மதுரன் அவளுடைய முதுகைத் தட்டினான். "ஓகஸ்ட்ல உங்கட அப்பா வந்தா எனக்குப் பேரீச்சம்பழம் வரணும். சொல்லிட்டன்."

"இடது கால்" என்றாள் கம்சாயினி. "இடது காலத் தூக்கு."

யானை மேடைக்குள் நுழைந்தது. ஒரு வசனமும் சொல்ல முதலே சனம் சிரிக்கத் தொடங்கியது.