கீபோர்டில் விழுந்த அரிசி

லேப்டாப் ரிப்பேர் என்று யார் வந்தாலும் எனக்கு எரிச்சல்தான் வரும். ஐடி வேலைக்காரனுக்கு சிட்னியின் வென்ட்வேர்த்வில்லில் வார விடுமுறையே கிடையாது.

அன்று சனிக்கிழமை மதியம். கீழ்வீட்டு அண்ணன் லேப்டாப்போடு நின்றார். யாழ்ப்பாணத்திலிருந்து படகில் வந்தவர். தற்காலிக விசா, ஊருக்குப் போனால் திரும்பி வர முடியாது. முதல் நாள் இரவு அப்டேட் ஆனதிலிருந்து வைஃபை வரவில்லையாம்.

"அப்படி என்ன அவசரம்? போன்ல பாத்துக்கலாமே அண்ணே" என்றேன்.

"அம்மா மோசம் போயிட்டா தம்பி. செத்தவீட்டை லைவிலை காட்டுகினம். போனிலை அவவின்ரை முகம் சின்னனாத் தெரியுது."

அப்போதுதான் கவனித்தேன். குளித்து, வேட்டி கட்டியிருந்தார்.

புதிய அப்டேட்டுக்குப் பழைய வைஃபை டிரைவர் ஒத்துவரவில்லை. அவருடைய போனையே வயரால் இணைத்து, அதன் டேட்டாவைக் கொடுத்தேன். திரை நிறைய அம்மாவின் முகம் வந்தது.

அங்கே வாய்க்கரிசி போட்டுக்கொண்டிருந்தார்கள். அண்ணன் வேட்டி மடிப்பிலிருந்து கொஞ்சம் அரிசி எடுத்து, திரையில் அந்த வாயருகே மெல்லப் போட்டார். அரிசி கண்ணாடியில் பட்டுக் கீபோர்டில் சிதறியது.

அடுத்த வாரம் டிரைவரை மாற்றிக் கொடுக்கப் போனேன். ஒரு பட்டன் சரியாக அமுங்கவில்லை.

"கழட்டி க்ளீன் பண்ணிடவா அண்ணே?"

"வேண்டாம் தம்பி. கிடக்கட்டும்."

இப்போதெல்லாம் யார் லேப்டாப்போடு வந்தாலும், முதலில் உட்காரச் சொல்கிறேன்.