குளிருக்குத் தைத்த பை

குளிரே வராத ஊரில் உட்கார்ந்துகொண்டு குளிருக்குப் பை தைத்து விற்கிறவன் நான். சொன்னால் சிரிப்பார்கள். தாராவியில் என் பட்டறைக்கு வந்து பார்த்துவிட்டு அப்புறம் சிரிக்கட்டும். மலைக்குப் போகிறவர்கள் ராத்திரி உள்ளே நுழைந்து, கழுத்துவரை செயினை இழுத்துக்கொண்டு படுக்கிறார்களே, ஸ்லீப்பிங் பேக், அதுதான் என் சரக்கு. பனி விழுகிற ஊருக்கெல்லாம் போகிறது. நான் படித்தது நாலாம் வகுப்பு. ஐந்தாம் வகுப்பு வாத்தியார் கொடுத்துவைத்தது அவ்வளவுதான்.

போன டிசம்பரில் என் மகன் குடும்பத்தோடு லோனாவ்லாவுக்கு அப்பால் ஒரு ஏரிக்கரையில் கூடாரம் போட்டுத் தங்கப் போவதாகச் சொன்னான். பேரனுக்கும் பேத்திக்கும் கால் தரையில் நிற்கவில்லை. செம்பூரில் ஏசியோடு வீடு வாங்கிக் கொடுத்திருக்கிறேன், அதை விட்டுவிட்டு வெட்டவெளியில் படுக்கக் காசு கட்டியிருக்கிறார்கள். பட்டறையிலிருந்து நல்லதாக இரண்டு சின்னப் பைகளை எடுத்துவந்து கொடுத்தேன்.

பேரன் பெரிய கெட்டிக்காரன். "தாத்தா, ஏசியைப் பதினாறுல வெச்சு, இதுக்குள்ள படுத்து பிராக்டிஸ் பண்றோம்" என்றான். கட்டில் கிட்டில் எல்லாம் கிடையாது, தரைதான். இரண்டு பேரும் கூடத்தில் புழு மாதிரி நெளிந்துகொண்டு கிடந்தார்கள். நானும் பக்கத்தில் சோபாவில் படுத்துக்கொண்டேன்.

"தாத்தா, நீங்க சின்னப் பையனா இருந்தப்போ கேம்பிங் எல்லாம் இருந்துச்சா?"

"இருந்துச்சாவா? இந்தப் பைக்குள்ள இந்த ஊர்லயே மொதல்ல படுத்தவன் நான்தாம்ல!" என்றேன். நம்பவில்லை. அவனுக்குச் சொன்னதைத்தான் இங்கேயும் சொல்கிறேன். அவனுக்குச் சொல்லாததையும்.

அம்மாவின் தம்பி, என் மாமா, ஊரிலிருந்து வந்து எங்கள் வீட்டுப் பரணில்தான் படுத்துக்கொண்டிருந்தார். பை தைக்கிற பட்டறையில் வேலை. கை வேகம் என்றால் அப்படி ஒரு வேகம். அந்த வேகம் எனக்கும் உண்டு, ஆனால் அவர் வாய்க்கு இருந்த வேகம் எனக்கு வராது. ஒருநாள் பட்டறை சேட் அவரைக் கூப்பிட்டு, ஒரு பள்ளிக்கூடத்துப் பிள்ளைகள் ஜனவரியில் மலைக்கு முகாம் போகிறார்கள், அவர்கள் படுக்க இந்த மாதிரிப் பைகள் வேண்டும் என்று ஒரு படத்தைக் காட்டியிருக்கிறார். மாமா படத்தை ஒருதரம் பார்த்துவிட்டு, "ஹோ ஜாயேகா சேட்", முடிந்துவிடும் என்று சொல்லிவிட்டு வந்துவிட்டார். மால், அதாவது சரக்கு, பாஸ் ஆனால் பழைய மெஷின் ஒன்றை மாமாவுக்கே கொடுத்துவிடுவதாகச் சேட் சொன்னாராம். சொந்த மெஷின் என்றால் சொந்தப் பட்டறை, சொந்தப் பட்டறை என்றால் பெண் கொடுப்பார்கள். பரணில் படுத்திருக்கிற மாப்பிள்ளைக்கு யார் பெண் கொடுப்பார்கள்? எங்கள் வீட்டில் அந்த மாதம் முழுக்க இதே பேச்சு. இரவு சோறு வைக்கும்போது அம்மா அந்த மெஷினை எங்கே போடலாம் என்று இடம்கூடப் பார்த்துவைத்தாள்.

மாமா பெரிய கவனத்தோடு இரண்டு பைகளை மாதிரிக்குத் தைத்தார். எனக்கு ஒன்று, தங்கச்சிக்கு ஒன்று. மேல்பக்கம் மெத்தை போலத் தடித்த ஃபோம். கீழ்ப்பக்கம் பேருக்கு ஒரு பட்டை. போர்வை என்றால் மேலேதானே போர்த்துவோம் என்பது அவர் கணக்கு. உள்பக்கம் முழுக்க பிளாஸ்டிக் விரிப்பை வைத்துச் சுற்றித் தைத்துவிட்டார்.

அந்த பிளாஸ்டிக்குக்காக அவரைக் குறை சொல்ல மாட்டேன். எங்கள் சந்தில் யாரிடம் கொடுத்திருந்தாலும் அதைத்தான் செய்திருப்பார்கள். எங்களுக்குத் தெரிந்த ஒரே எதிரி மழை. ஜூன் மாதம் பிறந்தால் கூரைக்கு பிளாஸ்டிக், அரிசிக்கு பிளாஸ்டிக், ரேஷன் கார்டுக்கு பிளாஸ்டிக், பள்ளிக்கூடம் போகிற பிள்ளை தலைக்கும் பிளாஸ்டிக். குளிர் என்று ஒன்று இருப்பதாகக் கேள்விப்பட்டிருக்கிறோம், அவ்வளவுதான். ஆகவே மாமா குளிரை மழையின் தம்பி என்று நினைத்துக்கொண்டார். "ஒரு சொட்டு உள்ள போவாதுக்கா" என்று அம்மாவிடம் தட்டிக் காட்டினார்.

தைத்தாயிற்று, சோதித்துப் பார்க்க வேண்டுமே. தாராவியில் குளிருக்கு எங்கே போவது? மாமா யோசித்து, குர்லாவில் ஐஸ் கம்பெனியில் தனக்கு ஒரு சிநேகிதன் இருக்கிறான், மருமகனைப் பைக்குள் போட்டு ஒரு மணி நேரம் பாளங்களுக்கு நடுவில் படுக்கவைத்துப் பார்த்துவிடலாம் என்றார். எனக்கு முழுச் சம்மதம். அம்மாதான் அகப்பையோடு எழுந்துவந்தாள்.

"ஏல, எம்பிள்ளைய என்ன அயிலமீனுன்னு நெனச்சியா? பொட்டில போட்டு ஐஸ் வைக்கப் போறியோ?"

"ஒரு மணி நேரந்தானேக்கா."

"நீ போய்ப் படு. எந்திரிச்சு வந்தா சொல்லு."

அப்புறம்தான் மலை என்று முடிவாயிற்று. நாசிக்குக்கு வெறும் வண்டியாகப் போய் வெங்காயம் ஏற்றிவருகிற டெம்போக்காரர் ஒருவர் மாமாவுக்குப் பழக்கம். எங்களை இகத்புரிக்குப் பக்கத்தில் இறக்கிவிட்டு மறுநாள் திரும்பும்போது ஏற்றிக்கொள்வதாகச் சொன்னார். அப்பாவுக்கு வேலை, வரவில்லை. அம்மா மட்டும், "ஒன்ன நம்பிப் பிள்ளையள அனுப்ப முடியாதுல" என்று சொல்லிவிட்டு ஸ்டவ்வையும் சட்டியையும் சுக்குப் பொடியையும் கட்டிக்கொண்டு ஏறினாள். எங்களிடம் ஸ்வெட்டர் ஏது? இருந்த மூன்று சட்டையையும் ஒன்றின்மேல் ஒன்றாகப் போட்டுக்கொண்டேன். தங்கச்சிக்கு அம்மாவின் பழைய ரவிக்கையைக் கவுனுக்கு மேலே மாட்டிவிட்டார்கள். மலைப் பாதையில் டெம்போ முக்கி முக்கி ஏறும்போது வாயைத் திறந்து ஊதினால் புகை வந்தது. நாங்கள் இருவரும் பீடி குடிக்கிற மாதிரி ஊதிக்கொண்டே போனோம்.

சாலையோரம் அறுத்த வயல் ஒன்று, ஒரு மாமரம், கொஞ்சம் தள்ளி அந்த வயல்காரர் வீடு. மாமா தன் பம்பாய் இந்தியில் பேசி இடம் வாங்கிவிட்டார். சுள்ளி பொறுக்கித் தீ மூட்டினோம். அம்மா சுடச்சுடச் சோறும் கருவாட்டுக் குழம்பும் போட்டாள். அவ்வளவு இருட்டையும் அவ்வளவு வானத்தையும் நான் அதற்கு முன் பார்த்ததில்லை. தாராவியில் எங்கள் சந்துக்கு மேலே தெரிகிற வானம் ஒரு நாடா அகலம்தான்.

சாப்பிட்டதும் மாமா பைகளை விரித்தார். கல்யாண வீட்டில் பட்டு எடுத்துக் காட்டுகிற மாதிரி விரித்தார். நான் உள்ளே இறங்க, செயினை மோவாய்வரை இழுத்துவிட்டார்.

"எப்படிருக்கு மருமவனே?"

"சூடா இருக்கு மாமா!"

உண்மையிலேயே சூடாகத்தான் இருந்தது. கொஞ்ச நேரத்தில் வேர்த்தேவிட்டது. வேர்க்கிறது என்று கத்தினேன். மாமாவுக்குத் தலைகால் புரியவில்லை. "கேட்டியாக்கா? குளிருல வேர்க்குங்கான்! சேட் தரப்போற மெஷினுக்கு நாளைக்கே எண்ணெய் வாங்கணும்" என்று தீயைச் சுற்றி ஒரு ஆட்டம் போட்டார். அம்மாவும் சிரித்தாள். அந்தச் சிரிப்பைப் பார்த்துக்கொண்டே தூங்கிப்போனேன்.

தூக்கத்தில் எனக்கு மழை வந்தது. கனவில்தான். எங்கள் வீட்டுக்குள் சாக்கடைத் தண்ணீர் ஏறுகிறது, பாயோடு நான் மிதக்கிறேன், முதுகு சில்லிட்டுக் கிடக்கிறது, அம்மா யாரையோ திட்டுகிறாள். பிறகு தண்ணீர் வடிந்து எங்கிருந்தோ வெயில் அடித்தது. அவ்வளவுதான் தெரியும்.

கண் விழித்தபோது உண்மையாகவே வெயில். நான் பைக்குள் இல்லை. தடிமனான வைக்கோலின் மேல் கோணிப்பையில் கிடந்தேன். ஒரு பக்கம் தங்கச்சி, அடுத்து அம்மா, மேலே அம்மாவின் மாற்றுச் சேலை. என் சட்டைகளைக் காணவில்லை, மாமாவின் சட்டையைப் போட்டிருந்தேன். எனக்குப் புரிந்துவிட்டது: பையில் சூடு அவ்வளவு அதிகம், தாங்க முடியாமல் தூக்கத்திலேயே எழுந்து வெளியே வந்திருக்கிறேன். மாமா பனியனோடு அணைந்த தீக்குப் பக்கத்தில் உட்கார்ந்திருந்தார். அவருக்கும் வேர்த்திருக்கிறது, சட்டையைக் கழற்றிவிட்டார்.

ஆனால் அவர் செய்துகொண்டிருந்த வேலைதான் எனக்குப் பகீரென்றது. மடியில் என் பை. கையில் பிளேடு. தையலை ஒவ்வொன்றாக அறுத்து, பிளாஸ்டிக்கைப் பிய்த்து எடுத்துக்கொண்டிருந்தார்.

"ஐயோ மாமா! பை நல்லாத்தானே இருந்துச்சு!"

அவர் நிமிரவில்லை. அம்மாதான் எழுந்துவந்து பக்கத்தில் உட்கார்ந்தாள். கொஞ்சம் மெதுவாகப் பேசினாள், எனக்குக் கேட்டது.

"பையனே நல்லாருந்துச்சுன்னு சொல்லுதான். பிரிச்சுப் போடாத. அந்தப் பிள்ளையள்லாம் வசதியான வீட்டுப் பிள்ளைய, ஸ்வெட்டரு கம்பளின்னு போட்டுட்டுத்தான் வரும். குடுத்துரு. மெஷின் வந்துரும்லா."

மாமா பிளேடை வைத்துவிட்டு அம்மாவை ஒருமுறை பார்த்தார்.

"அங்ஙன நீ இருப்பியாக்கா?"

அம்மா எழுந்து சட்டியைக் கழுவப் போய்விட்டாள்.

எனக்கு ஒரே குழப்பம். பள்ளிக்கூடத்துப் பிள்ளைகள் போகிற இடத்துக்கு அம்மா எதற்குப் போக வேண்டும்? சமைக்கவா?

திரும்பிவந்ததும் மாமா சேட்டிடம் போய், இது சரியில்லை, இன்னும் கொஞ்சம் நாள் கொடுத்தால் வேறு மாதிரி தைத்துத் தருகிறேன் என்றார். முகாம் அதுவரை நிற்குமா? வேலை வேறு யாருக்கோ போனது. மெஷினும் வரவில்லை. மாமா பரணிலேயே கிடந்தார். எனக்கு அவர்மேல் வந்த கோபம் கொஞ்சநஞ்சமில்லை. நல்ல சரக்கைத் தன் கையாலேயே கிழித்துப்போட்ட பைத்தியம் என்று சந்துப் பையன்களிடம் சொன்னேன். கூடவே இன்னொன்றும் சொன்னேன், அதில் மட்டும் எனக்குப் பெருமை: எங்கள் மாமாவுக்குக் குளிரே தெரியாது, மலைமேலே வெறும் பனியனோடு உட்கார்ந்திருந்தார், எவன் மாமாவாவது இருப்பானா?

வருஷங்கள் போய் நானே பட்டறை போட்டு, நானே ஆர்டர் பிடித்து, முதல்முறையாக ஸ்லீப்பிங் பேக் தைக்கப்போகிறேன் என்று வீட்டில் மார்தட்டினேன். அம்மா விழுந்து விழுந்து சிரித்தாள். அப்போதுதான் சொன்னாள். நாங்கள் தூங்கிய பிறகு, எதற்கோ தங்கச்சியின் பைக்குள் கையை விட்டிருக்கிறாள். உள்ளே கவுன் பிழிகிற மாதிரி நனைந்து கிடந்ததாம். வெளித் தண்ணீரை உள்ளே விடாத பிளாஸ்டிக், உள்ளே வேர்த்ததை வெளியேயும் விடவில்லை. அது குளிர்ந்துபோய், கீழேயிருந்து தரையும் சூட்டை உறிஞ்ச, பிள்ளைக்கு உதடு நடுங்குகிறது. அம்மா மாமாவைத் திட்டிய திட்டு வயல்காரர் வீடுவரை கேட்டிருக்கும். மாமா ஓடிப்போய் அவர்களை எழுப்பி, வைக்கோலைத் தலைச்சுமையாகக் கொண்டுவந்து கொட்டினாராம். எங்களைத் துடைத்து, காய்ந்த துணி மாற்றி, காய்ந்த துணி தீர்ந்துபோனதும் தன் சட்டையைக் கழற்றிக் கொடுத்தாராம். விடியும்வரை காற்று வருகிற பக்கமாக உட்கார்ந்து சுள்ளி போட்டுக்கொண்டிருந்தாராம்.

"பல்லு கிட்டிச்சுப் போச்சுல அவனுக்கு. நீ என்னடான்னா ஊரெல்லாம் போய் எங்க மாமாவுக்குக் குளிராதுன்ன" என்றாள் அம்மா.

அந்த ஆர்டரில் நான் கீழ்ப்பக்கம்தான் தடிமனாக வைத்தேன். உள்ளே பருத்தித் துணி. அதைப் பார்த்துத்தான் அடுத்த ஆர்டர் வந்தது. என் சொந்த மூளை என்றுதான் எல்லோரிடமும் சொல்லிவந்திருக்கிறேன். மாமாவும் கூடவே நின்று, "ஆமா, மருமவன் மூளைதான்" என்று சொல்வார். கடைசிவரை அப்படித்தான் சொன்னார்.

செம்பூர் வீட்டுக்கு வருகிறேன். பேரனிடம் ஐஸ் கம்பெனிவரை சொன்னேன், மலைவரை சொன்னேன், அதற்குள் தூங்கிவிட்டான். பேத்தி முன்னமே தூங்கிவிட்டாள். ஏசி உறுமிக்கொண்டிருந்தது. நான் எழுந்து இரண்டு பைக்குள்ளும் கையை விட்டுப் பார்த்தேன். காய்ந்து, கதகதப்பாக இருந்தது. என் தையல், வேறு எப்படி இருக்கும்? இருந்தாலும் ஏசியை அணைத்தேன். கட்டிலிலிருந்து மெத்தையை இழுத்துப்போட்டு, முதுகு பிடித்துக்கொண்டாலும் பரவாயில்லை என்று இரண்டு பேரையும் பையோடு அதன்மேல் நகர்த்தினேன்.

காலையில் பேரன் எழுந்து குதித்தான். "ஏக்தம் மஸ்த் தாத்தா! ஏசி பதினாறுல, ஆனா ராத்திரி பூரா சூடா இருந்துச்சு. உங்க பை நம்பர் ஒன்!"

என் சரக்கைப் பற்றி ஒருவன் நல்ல வார்த்தை சொல்லி நான் வாயை மூடிக்கொண்டிருந்தது அன்றைக்கு ஒருநாள்தான். மகனைக் கூப்பிட்டு, வண்டியில் எனக்கும் ஒரு இடம் போடச் சொன்னேன்.

பேரன் முகத்தைச் சுளித்தான். "நீங்க எதுக்கு தாத்தா? பைதான் இருக்கே?"

"மால் செக் பண்ண வேண்டாமால?" என்றேன்.

அதுவும் சரிதான் என்பதுபோலத் தலையை ஆட்டிவிட்டுப் பல் தேய்க்கப் போனான்.