சம்மனசுக் காசில் நான் தேய்த்த நட்சத்திரம்

என் மச்சாளின் பொற்காசிலிருந்த நட்சத்திரத்தைத் தேய்த்து அழித்தவள் நான். அந்தக் காசு என்னுடையதென்று இன்றுவரை ஊரை நம்ப வைத்திருக்கிறேன்.

உங்களை எனக்குத் தெரியாது. அதனால்தான் உங்களிடம் சொல்ல முடிகிறது போலும்... எழுத்தைக் கூட்டிக் கூட்டி எழுதுகிறவள் நான். ஆறுதலாக வாசியுங்கள்.

மாதோட்டப் பக்கம் என் ஐயாவும் மாமாவும் கிணறு வெட்டியபோது இரண்டு பொற்காசுகள் வந்தன. ஆளுக்கொன்று எடுத்துக்கொண்டார்கள். ஐயாவின் காசு எனக்கு வந்தது; மாமாவின் காசு அவர் மகள் திரேசம்மாவுக்குப் போனது. பிறகு அவளுடைய அண்ணனைத்தான் நான் கட்டினேன்.

ஒரு பக்கம் தோளில் ஈட்டி வைத்த ராசா. மறுபக்கம் நீண்ட சிலுவையைப் பிடித்தபடி சிறகுள்ள ஒரு சம்மனசு, தேவதூதர். அது பழைய ரோமாபுரிக் காசென்று பின்னாளில்தான் அறிந்தோம். எங்களுக்கு அது சம்மனசுக் காசு, அவ்வளவுதான்.

பார்வைக்கு இரண்டும் ஒன்று. ஆனால் அவளுடையதில் சிறகோரம் ஒரு நட்சத்திரம் உண்டு, என்னுடையதில் இல்லை. “உங்கட சம்மனசு இருட்டுக்க நிக்குது மச்சாள்” என்று சின்ன வயதில் திரேசம்மா என்னைச் சீண்டுவாள். எனக்கு முகம் சிவந்துவிடும். அப்போதே எனக்கு அந்த நட்சத்திரத்தின்மேல் ஒரு எரிச்சல் இருந்ததோ? இருந்தது. மறைப்பானேன்!

சண்டைக் காலத்தில் நாங்கள் வள்ளமேறி இந்தியாவுக்குப் போனோம். படுக்கையில் கிடந்த தன் மாமியாரை விட்டுத் திரேசம்மாவால் வர முடியவில்லை. கடற்கரையில் தன் காசைக் கழற்றி என் கையில் வைத்தாள். இங்கிருந்தால் போய்விடும், உங்களிடம் இருக்கட்டும் என்றாள்.

மண்டபம் அகதி முகாமில் என் அவருக்கு நெஞ்சு வருத்தம், இதயநோய், வந்தது. வைத்தியத்துக்கு என் காசை விற்றேன். ஆம், என்னுடையதைத்தான்! அவளுடையதைத் தொடவில்லை. அவர் சில காலம் இருந்தார், பிறகு போய்விட்டார்.

சண்டை முடிந்து ஊருக்குத் திரும்ப ஆயத்தமானபோதுதான் எனக்குள் அந்த எண்ணம் புகுந்தது. வீடு இல்லை, வள்ளம் இல்லை, புருசனும் இல்லை... வெறுங்கழுத்தோடு சனத்தின் முன் நிற்பதா? யாரிடமும் கைநீட்டாத ஐயாவின் மகள் நான். அந்தக் கர்வம் என்னைத் தின்றது.

காசில் நட்சத்திரம் இல்லாவிட்டால் அது என்னுடையது அல்லவா?

எங்களில் பச்சைப் பிள்ளைக்குப் பொன் உரைத்துக் கொடுப்பது வழக்கம். கல்லில் தேன் விட்டு, பொன்னை மெல்ல உரைத்து, நாக்கில் தடவுவோம். மகளுக்கு அப்போதுதான் முகாமில் பெண்பிள்ளை பிறந்திருந்தது. நான் கல்லை எடுத்தபோது யாரும் ஏனென்று கேட்கவில்லை. நாளுக்குக் கொஞ்சமாக, அந்த நட்சத்திரத்தையே கல்லில் வைத்து உரைத்தேன். உரைத்த பொன்னை வீணாக்க மனம் வரவில்லை. பேத்தியின் நாக்கில் வைத்தேன். அவள் சப்புக்கொட்டினாள்... பார்க்கிறீர்களா, களவைக்கூட நான் சிக்கனமாகத்தான் செய்திருக்கிறேன்!

எங்கள் ஊரான கீரிக்கு வந்தோம். திரேசம்மா என்னைக் கட்டிப்பிடித்து அழுதாள். காசைப் பற்றி அவள் வாய் திறக்கவில்லை. நானாகத்தான் சொன்னேன்: அண்ணனின் வருத்தத்துக்கு உன் காசை விற்றேன், என்னுடையது மிஞ்சியது என்று.

அவள் கோபித்திருந்தால் நான் பிழைத்திருப்பேன். அவள் என் இரு கைகளையும் பிடித்துக்கொண்டாள்.

“என்ர காசு அண்ணைக்கு உதவினதே? எனக்கு அது போதும் மச்சாள். கடைசி நேரம் பக்கத்தில நிக்கேல்லை எண்டு எவ்வளவு அழுதனான்...”

அன்றிலிருந்து அவளுக்கு அது ஒரு ஆறுதலாகிவிட்டது. கல்லறைத் திருநாளில் அண்ணனுக்காக மெழுகுதிரி கொளுத்தும்போது, தன் காசில்தான் அவர் கொஞ்சக் காலம் மூச்சுவிட்டாரென்று பக்கத்தில் நிற்பவர்களுக்குச் சொல்வாள். சொல்லும்போது அவள் முகத்தைப் பார்க்க வேண்டும் நீங்கள்! அந்த ஆறுதலை நான் எப்படிப் பறிப்பேன்?

சில வருடம் கழித்து, பழங்காசு பார்க்கும் ஒருவர் தோட்டவெளிக் கோயில் மண்டபத்துக்கு வந்தார். வைத்திருப்பவர்கள் கொண்டுவந்து காட்டலாம் என்றார்கள். “காட்டுவம் மச்சாள், எந்த ராசா எண்டு கேப்பம்” என்று திரேசம்மாதான் என்னை இழுத்துப் போனாள்.

அவர் கண்ணாடியை வைத்து நெடுநேரம் பார்த்தார். பிறகு வேறொரு காசின் படத்தைப் பக்கத்தில் வைத்தார். காசு அடிக்கும் ஒவ்வொரு அச்சும் கையால் வெட்டியது, ஒன்று போல இன்னொன்று இராது என்று விளக்கினார். என் காசில் சம்மனசின் சிறகைக் குறுக்கறுத்து மயிர்போல ஒரு கோடு ஓடியது. அது அச்சில் விழுந்த வெடிப்பாம். படத்திலும் அதே வெடிப்பு. விளிம்பில் கடைசி எழுத்து ஒரு கொக்கி. படத்திலும் அதே கொக்கி. அதுவெல்லாம் ஓரத்துப் பூவேலை என்றல்லவா நான் எண்ணியிருந்தேன்! எழுத்தென்று தெரிந்திருந்தால் அதையும் உரைத்திருப்பேன்.

“ரெண்டும் ஒரே அச்சு, அம்மா. அப்ப உங்கட காசில இந்த இடத்தில ஒரு நட்சத்திரம் இருந்திருக்க வேணும்” என்றார்.

திரேசம்மா படத்தைப் பார்த்தாள். காசைப் பார்த்தாள். என்னைப் பார்க்கவில்லை.

“பிள்ளையளுக்கு உரைச்சுக் குடுத்த காசு ஐயா” என்றாள். “தேயாமல் என்ன செய்யும்?”

அவர் தலையாட்டிக் காசைத் திருப்பித் தந்தார். அவள் அதை வாங்கி, தன் முந்தானையால் துடைத்து, என் சங்கிலியில் அவளே கொழுவிவிட்டாள்.

அவளுக்குத் தெரிந்துவிட்டதா? என்னைச் சீண்டியவளுக்கு எப்படித் தெரியாமல் போகும்? ஆனால் அடுத்த கல்லறைத் திருநாளிலும் அதே கதையைத்தான் சொன்னாள், அதே முகத்தோடு... நம்பிச் சொன்னாளா? எனக்காகச் சொன்னாளா? தனக்காகவா? கேட்க எனக்குத் தைரியமில்லை.

சாமியாரிடம் பாவங்களைச் சொல்லும் பாவசங்கீர்த்தனத்தில் பொறாமை, கோபம் எல்லாம் சொல்லியிருக்கிறேன். இதைச் சொன்னதில்லை. திருப்பிக் கொடு என்பார் சாமியார். கொடுத்தால் காசு அவளிடம் போகும். அண்ணனுக்கு உதவிய அந்தத் தங்கை போய்விடுவாள். இது சாக்குப்போக்கா, இரக்கமா? இரண்டும்தான் என்று நினைக்கிறேன். அந்தப் பொய்யைச் சொன்ன நாளிலிருந்து, பாவத்தோடு வாங்கக் கூடாதென்று, பூசையில் தரும் திருவப்பமான நன்மையை நான் வாங்குவதில்லை.

போன மாதம் பேத்திக்குப் புதுநன்மை, முதன்முதலாக நன்மை வாங்கும் நாள். வெள்ளைச் சட்டைக்கு மேல் அந்தக் காசைப் போட்டுவிடச் சொன்னவள் திரேசம்மா. வீட்டார் எல்லோரும் நன்மை வாங்கப் பிள்ளையின் பின்னால் வரிசையில் போனார்கள். நான் வாங்கிலேயே, அந்த மரப்பெஞ்சிலேயே, இருந்தேன்.

பாதி வழியில் திரேசம்மா திரும்பிப் பார்த்தாள். வரிசையை விட்டு வந்து என் பக்கத்தில் இருந்தாள்.

“கால் நோகுதோ மச்சாள்?”

“ஓம்” என்றேன்.

குனிந்து என் காலைத் தன் மடியில் தூக்கி வைத்து, பூசை முடியும்வரை அமுக்கிவிட்டுக்கொண்டிருந்தாள். அன்று அவளும் நன்மை வாங்கவில்லை.

எனக்குக் கால் நோகவில்லை.