கண்ணால் நின்ற மனிதர்

காசிம் பாய் குடிகாரர் என்று நம் சுமைத்தொழிலாளர் சங்கம் பொய் சொன்னது. அந்தப் பொய்தான் அவரைப் படிக்கட்டில் சாகவிட்டது.

கிடங்கு வாசலில் நின்றிருந்தபோது வேலு போன் செய்தான். “மாமு, பாய் பூட்டாரு. சாயங்காலம் கரண்டு போன நேரத்துல படியில உருண்டுகீறாரு. மப்புல கெடக்குறார்னு நம்ம ஆளுங்களே தாண்டிப் போயிருக்கானுங்க.” நம் ஆட்கள் குடியிருக்கும் தண்டையார்பேட்டை பிளாக்தான் அது. தாண்டிய தோழர்களே, நீங்களும் இதைப் படித்துக்கொண்டிருக்கிறீர்கள்.

லாரி மேல் நின்று தார்ப்பாய் கட்டும்போது பாய் பீடி கேட்பார். கீழேயிருந்து எறிய வேண்டும். ஒரு கையால் பிடிப்பார். சென்ற ஆண்டு பீடிக்கட்டு ஒரு பக்கம் போனது, அவர் கை வேறு பக்கம் போனது. “இன்னா பாய், கெயவனாயிட்டியா?” என்றான் வேலு. “ஒனுக்கு எறியத் தெர்ல, சோமாறி!” என்று சிரித்தார். ஆனால் கயிற்றை இறுகப் பிடித்துக்கொண்டுதான் சிரித்தார்.

பிறகு சங்க அலுவலகத்தில் அந்த இரங்கல் கூட்டம். இறந்தவர் பாயின் பழைய தோஸ்து. எல்லோரும் எழுந்து கண்ணை மூடி நின்றோம். பாயும் மூடினார். மூடியதுமே சாய்ந்து, கொடிக்கம்புகளோடு முன்வரிசை நாற்காலிகளின் மேல் விழுந்தார். “இன்னாத்த ஊத்திக்கினு வந்த பாய்?” என்று ஒரு குரல். அஞ்சலிக் கூட்டமே சிரித்தது. வாழ்நாளில் ஒரு சொட்டு தொடாத மனிதர் கொடிகளுக்கு நடுவில் உட்கார்ந்து நம் முகங்களைப் பார்த்தார்.

மறுவாரம் அவரை அரசு மருத்துவமனைக்கு அழைத்துப் போனேன். டாக்டரம்மா கண்ணை மூடி நிற்கச் சொல்லி, சாயும்போது பிடித்துக்கொண்டார். “வயசாவுது பாய். காதுக்குள்ள இருக்கிற நிதானம் கொறஞ்சிடுச்சு. பாதத்துக்கும் தரை சரியாத் தெரியல. இப்ப நீங்க கண்ணாலதான் நிக்கிறீங்க. இருட்டுல நடக்காதீங்க, ஒசரத்துல ஏறாதீங்க.”

இதை அப்படியே சங்கச் செயலாளரிடம் சொன்னார் பாய். நான் பக்கத்தில் இருந்தேன். “கீய ஒரு வேல குடு நைனா. கயிறு சுத்துறேன், சாக்கு தைக்கிறேன்.” பார்க்கலாம் என்றார் செயலாளர்.

பார்த்தார். முதுமை என்று சொன்னால் கான்டிராக்டரிடம் போய் மாற்று வேலைக்காகச் சண்டை போட வேண்டும். குடி என்று சொன்னால் எவனிடமும் போக வேண்டாம். அடுத்த கூட்டத்தில், “வேலையிடத்தில் நிதானமில்லாத காரணத்தால்” என்று வாசித்து பாயைச் சங்கத்திலிருந்து நீக்கினார்கள். நான் எழுந்தேன். “உக்காரு தம்பி” என்றார்கள். வெளியே வந்ததும் பாய் என்னிடம் ஒன்றுதான் கேட்டார்: “பள்ளிவாசல்ல எப்டிடா போயி நிப்பேன்?”

உடலை எடுக்கும் முன் செயலாளர், பாய் வீட்டுக்கு வந்தார். படியெல்லாம் நம் ஆட்கள் நின்றிருக்க, பாயின் மகள் நசீமா வாசலை மறித்தாள்.

“அண்ணே, எங்க அத்தா குடிச்சாரா?”

“மனசத் தேத்திக்கம்மா.”

“அத நான் பாத்துக்கறேன். குடிக்கலன்னு இவங்க முன்னாடி சொல்லிட்டு உள்ள போங்க.”

அவர் உள்ளே போகவில்லை. திரும்பிக் கீழே இறங்கினார்.

பாய் போனபின் எனக்கு மிஞ்சியது நசீமாவின் இந்தக் கேள்விதான். பின்னாலேயே ஓடி அவர் வண்டியை மறித்தேன். “மேல போயி சொல்லுண்ணே. ஒரே ஒரு வார்த்த. நீ சொன்னாத்தான் நம்புவானுங்க.”

அவர் ஹாரன் அடித்தார்.