ஒடிந்த பல்லின் விளிம்பு

பொலிக்ஸேனி எலும்பு கழுவ வந்து பத்தொன்பது வருடம். படிப்பு ஆறாம் வகுப்போடு சரி. ஆனாலும் திர்னாவோஸ் அகழாய்வுக் கிடங்குக்கு வரும் ஒவ்வொரு பல்லையும் ஜன்னல் வெளிச்சத்தில் சாய்த்துப் பார்த்து, நகத்தால் நெருடிய பிறகுதான் தட்டில் வைப்பாள். பல் உருவாகும் வயதில் பிள்ளை நோயில் விழுந்தால் எனாமலில் குறுக்கே ஒரு பள்ளம் விழும். நுனியிலிருந்து அது எவ்வளவு தள்ளியிருக்கிறது என்று அளந்து, எந்த வயதில் என்று சொல்லிவிடுவாள்.

ஏழாம் குழியின் குழந்தைப் பற்கள் சொரசொரவென்று வெளிறிக் கிடந்தன. அகழாய்வுத் தலைவர் லம்ப்ரினோஸுக்குத் தலைகால் புரியவில்லை. "அத்தனை பிள்ளைங்களுக்கும் ஒரே நோய்! நாளைக்கே அறிக்கை போயிடணும்."

பொலிக்ஸேனிக்கு மனம் ஒப்பவில்லை. நோய் ஓர் உயரத்தில் கோடு போடும். இப்படி நுனி முதல் அடிவரை அரிக்காது. அதிலும் ஒரு பல், தோண்டும்போது மண்வெட்டி பட்டு ஒடிந்தது. அந்த விளிம்பும் வெளிறியிருந்தது. போன வாரம் ஒடிந்த இடத்துக்கு நோய் எங்கிருந்து வரும்?

முகர்ந்து பார்த்தாள். புளித்த வாடை. கண் ஹரிக்லியா மேல் போனது. அவள் வேலைக்கு வந்து மூன்று வாரம்தான்.

"ஏண்டி, எதுல ஊறப்போட்டே?"

"தண்ணியிலதான் அக்கா."

"தண்ணி புளிக்குமா?"

ஹரிக்லியா பிரஷ்ஷைக் கீழே வைத்தாள். "ஒயின்ல. கொஞ்சம் வினிகரும். ரெண்டு நாள். புதைச்சு சில வருஷம் கழிச்சு எடுக்கிற நம்ம வழக்கப்படி, போன மாசம் எங்க வீட்டுக்காரர் எலும்பைத் தோண்டியெடுத்து அப்படித்தானே கழுவினோம்? இதுங்களுக்கும் அம்மா இருந்திருப்பா. வெறும் தண்ணியிலயா கழுவறது?"

"கடை ஒயினா?"

"வீட்டுல போட்டது."

"அப்ப அந்தப் புளிப்பு அரிச்சதுல பல்லு மிஞ்சினதே பெரிசு."

"சொல்லிடாதீங்க அக்கா, துரத்திடுவாரு."

"சொல்லலேன்னா வராத நோயெல்லாம் இந்தப் பிள்ளைங்க தலையில ஏறிடும்." மூலையில் மண் அப்பிய தாடை ஒன்று இருந்தது. "இதை ஏன் விட்டே?"

"ரொம்பச் சின்னது. தொடப் பயமா இருந்துச்சு."

பொலிக்ஸேனி மரக்குச்சியால் மண்ணை நீக்கினாள். எலும்புக்குள் இன்னும் முளைக்காத கோரைப்பல். வழவழவென்று மின்னியது, நடுவில் மட்டும் ஒரே ஒரு பள்ளம். இருமுறை அளந்தாள்.

"மூணு வயசுல படுத்திருக்கு. அப்புறம் எழுந்துடுச்சு. அதுக்குக் கீழே எனாமல் ஒழுங்கா வளர்ந்திருக்கு பாரு."

பதின்மூன்று பைகளில் 'ஒயினில் ஊறியவை' என்று சீட்டு ஒட்டினாள். அந்தத் தாடையின் பையில் மட்டும் 'மூன்று வயதில் நோய்' என்று எழுதினாள். எல்லாவற்றையும் லம்ப்ரினோஸ் முன் வைத்தாள். அவர் முகம் கறுத்தது. அறிக்கையை மடித்து வைத்தார்.

"யார் பண்ணின வேலை?"

"எங்க மேசை பண்ணின வேலை" என்றாள். 

மறுநாள் காலை உட்காருமுன் ஹரிக்லியாவின் வாளிப் பக்கம் குனிந்தாள்.

"மோந்துக்குங்க அக்கா, குழாய்த் தண்ணி."

பொலிக்ஸேனி முகர்ந்தாள். பிறகு இன்னொரு தடவையும் முகர்ந்தாள்.