குஸ்தி வாத்தியாருக்கு ஒரு கீழ்வீடு

கஜகஸ்தானின் பல்காஷ் நகரத்தில் ரபிகாவைத் தெரியாதவர்கள் இருக்கலாம், அவள் புருஷன் மக்சுத்தைத் தெரியாதவர்கள் கிடையாது. ஊரில் மீசை நரைத்த ஆண்களில் பாதிப் பேர் ஏதோ ஒரு வயதில் அவர் கையால் மண்ணைக் கவ்வியவர்கள். குஸ்தி வாத்தியார். கதவை அடைத்துக்கொண்டு நிற்கும் உடம்பு. ரொட்டிக் கடை வரிசையில் போய் நின்றால் முன்னால் நிற்பவர்கள் தானாக வழி விடுவார்கள். அவரும் வேண்டாம் என்று சொன்னதில்லை.

அவரைப் பக்கவாதம் அடித்தது ஒரு கோடையில். வலது கை, வலது கால் இரண்டும் போயின. பேச்சு பாதி திரும்பி வந்தது, குழறலோடு. ஆஸ்பத்திரியிலிருந்து வந்த அன்று பழைய சீடர்கள் நாலு பேர் அவரைக் கம்பளியில் கிடத்தி ஐந்தாவது மாடிக்குத் தூக்கிக்கொண்டு போனார்கள். அந்தக் கட்டடத்தில் லிப்ட் என்பதே கிடையாது. ஒவ்வொரு திருப்பத்திலும் மூச்சு வாங்க நின்றார்கள். வாத்தியார் வழி முழுக்கக் கண்ணைத் திறக்கவேயில்லை.

அதற்குப் பிறகு அவர் கீழே இறங்கவில்லை. சக்கர நாற்காலியில் ஜன்னலோரம் உட்கார்ந்து ஊரை ஒட்டிய பல்காஷ் ஏரியைப் பார்த்துக்கொண்டிருப்பார். ஏரி உறையும், உடையும், மீன் படகுகள் கிளம்பும். யார் படகு முதலில் போகிறது என்று ரபிகாவிடம் சொல்வார். மற்றபடி பேச்சு குறைவு.

ரபிகா செம்பு உருக்கும் ஆலையில் கிரேன் ஓட்டியவள். தினமும் இரும்பு ஏணி ஏறி இறங்கியே முழங்கால் இரண்டும் தேய்ந்து போயிருந்தன. மாவு, உருளைக்கிழங்கு, மருந்து எல்லாம் அவள்தான் மேலே கொண்டுவர வேண்டும். ஒருநாள் பாதி வழியில் கால் மடங்கி உட்கார்ந்தவளால் எழவே முடியவில்லை. கிழங்கு உருண்டு கீழே போயிற்று. பக்கத்து வீட்டுக்காரி வேலை முடிந்து வந்து கைகொடுக்கும்வரை அந்தக் குளிர்ந்த படியிலேயே உட்கார்ந்திருந்தாள். அன்றே முடிவு செய்தாள், தரைத்தளத்தில் ஒரு கீழ்வீடு பார்க்க வேண்டும் என்று.

தலைநகர் அஸ்தானாவிலிருந்து மகள் ஷோல்பன் போனில் கெஞ்சினாள்.

"எங்ககூட வந்துடுங்கம்மா. பன்னிரண்டாவது மாடிதான், ஆனா லிப்ட் இருக்கு."

"லிப்ட் நின்னுட்டா?"

"ஏம்மா நிக்கப்போகுது?"

"இங்க தண்ணி நிக்குது, ஹீட்டர் நிக்குது. உன் லிப்ட் மட்டும் நிக்காதுன்னு யார் எழுதிக் குடுத்தா?"

நாற்காலியின் அகலத்தை ஒரு கயிற்றில் முடிச்சுப் போட்டு எடுத்துக்கொண்டு வீடு வீடாகப் போனாள். முதல் வீட்டில் நுழைந்ததுமே நிலவறை நாற்றம் மூக்கைத் துளைத்தது.

"அது மழைக்கு வர்ற வாசனை, அக்கா" என்றாள் வீட்டுக்காரி.

"மழை பெஞ்சு எத்தனை மாசமாச்சு, தங்கச்சி?"

இன்னொன்று பெயருக்குத்தான் கீழ்வீடு. வாசலுக்குப் போகவே ஏழெட்டுப் படி ஏற வேண்டும். "இதெல்லாம் ஒரு படியாக்கா?" என்று தரகன் சிரித்தான். "எங்க வீட்டுக்காரரைத் தூக்கிட்டு ஒருதரம் ஏறிக் காட்டு. இப்பவே வாங்கிக்கறேன்" என்றாள் ரபிகா. வேறொரு வீட்டில் எல்லாம் சரி, குளியலறைக் கதவு மட்டும் கயிற்று முடிச்சுக்கு இடம் விடவில்லை.

இலையுதிர் காலத்தில்தான் எட்வின் கிழவரின் வீடு கண்ணில் பட்டது. யுத்த காலத்தில் அங்கே கொண்டுவந்து விடப்பட்ட ஜெர்மன்காரர்களில் ஊரில் மிச்சமிருந்த ஒன்றிரண்டு பேரில் அவரும் ஒருவர். அவர் மனைவி லிடா பல வருடம் சக்கர நாற்காலியில் இருந்து போய்ச் சேர்ந்தவள். அவளுக்காக பால்கனியை இடித்துக் கதவாக்கி, அதிலிருந்து தெருவுக்கு சிமெண்டுச் சரிவு போட்டிருந்தார். வாசற்படிக் கட்டைகளைப் பெயர்த்து எடுத்திருந்தார். கழிவறையிலும் கட்டில் ஓரத்திலும் சுவரில் இரும்புக் குழாய்க் கைப்பிடிகள். விளக்கு சுவிட்சுகூட உட்கார்ந்த கைக்கு எட்டும் உயரத்தில் இருந்தது. இப்போது மகனிடம் ஜெர்மனிக்குக் கிளம்புகிறார்.

"இதையெல்லாம் கழட்டிடுவோம்னு சொன்னவங்களுக்கு நான் குடுக்கலைம்மா" என்றார்.

ரபிகா கைப்பிடியைப் பிடித்து உட்கார்ந்து பார்த்தாள். எழுந்து பார்த்தாள். முனகல் இல்லாமல் எழுந்து எத்தனை காலம் ஆயிற்று! அங்கேயே அழுதுவிட்டாள்.

"வாத்தியார் வந்து பார்க்க வேண்டாமா?"

"அவரை ஒரு தடவைதான் இறக்க முடியும், எட்வின். பார்க்கறதுக்கு ஒண்ணு, குடிவர்றதுக்கு ஒண்ணுன்னா யார் தூக்கறது?"

அதே சீடர்கள் வந்து இறக்கினார்கள். இந்த முறையும் அவர் கண்ணை மூடிக்கொண்டார்.

புது வீட்டு முன்னறை சந்தைக்குப் போகும் தெருவைப் பார்த்திருந்தது. வேடிக்கை பார்த்தால் மனசு தெளியும் என்று ரபிகா அவர் நாற்காலியை ஜன்னலோரம் தள்ளினாள். மதியத்துக்குள் ஊருக்கே தெரிந்துவிட்டது. "வாத்தியாரே! இங்கயா இருக்கீங்க!" என்று கண்ணாடியைத் தட்டினார்கள், உள்ளே வந்தார்கள். ஒரு காலத்தில் அவர் பெயரைக் கேட்டாலே நடுங்கிய ஒருவன் குனிந்து, காது கேளாத குழந்தையிடம் பேசுவதுபோல், "நல்லா இருக்கீங்களா? சாப்டீங்களா?" என்று கத்தினான். பிறகு தன் கைக்குட்டையை எடுத்து அவர் மோவாயில் வழிந்த எச்சிலைத் துடைத்துவிட்டான். பாசத்தோடுதான் துடைத்தான்.

எல்லாரும் போனபின் மக்சுத் சொன்னார்: "திரையை இழு."

"வெளிச்சம் வரட்டுமேங்க."

"இழுடி!"

மறுநாள் சரிவில் இறங்கி ஏரிக்கரைக்குப் போகலாம் என்று கெஞ்சினாள். அவர் இடதுகையால் சக்கரத்தைப் பிடித்துக்கொண்டார்.

"நாற்காலிய அளந்தே. கதவை அளந்தே. கக்கூஸை அளந்தே. என்னை ஒரு வார்த்தை கேட்டியா?"

"கேட்டிருந்தா என்ன சொல்லியிருப்பீங்க?"

"மேலயே கிடந்து சாகறேன்னு சொல்லியிருப்பேன். அங்க என்னை யாரும் பார்க்கலை."

"அப்ப நான்? நான் அந்தப் படியில விழுந்து சாகணுமா?"

அவர் சக்கரத்திலிருந்து கையை எடுத்தார். அவளுக்கும் கேட்டது அதிகமோ என்று இருந்தது. டீ போட்டுக் கொண்டுவந்தாள். பாதி குடித்துவிட்டு அவர் கேட்டார், "முழங்கால் எப்படி இருக்கு?"

"இப்ப வலி இல்லைங்க."

"சரி" என்றார். அதோடு அந்தப் பேச்சு முடிந்தது.

நாற்காலி பின்னறைக்குப் போயிற்று. அந்த ஜன்னலுக்கு வெளியே கார் ஷெட்டுகளின் துருப்பிடித்த முதுகும் குப்பைத் தொட்டிகளும்தான். அங்கே யாரும் எட்டிப் பார்க்க மாட்டார்கள். பார்ப்பதற்கும் ஒன்றும் இல்லை. ரபிகா தானே கடைக்குப் போனாள், வாசல் பெஞ்சில் உட்கார்ந்து பெண்களோடு பேசினாள், சிரிக்கவும் சிரித்தாள். சிரித்துவிட்டு வீட்டுக்குள் வந்தால் அந்த இருட்டறையில் அவர் உட்கார்ந்திருப்பார். அன்றைக்குச் சிரித்த சிரிப்பெல்லாம் கசந்துபோகும். பழைய வீட்டுக்குத் திரும்பவும் வழியில்லை. அங்கே ஒரு இளம் ஜோடி குடிவந்து சுவருக்குப் புது வர்ணமும் அடித்துவிட்டது.

ஒரே ஒரு தடவை வெளியே வந்தார். பனி கொட்டிய ஒரு விடிகாலை, தெருவில் ஆள் நடமாட்டம் இல்லாத நேரம் பார்த்து ரபிகா கூட்டிப் போனாள். கரையில் நின்று உறைந்த ஏரியை வெகுநேரம் பார்த்தார். முகம் கொஞ்சம் இளகியது மாதிரி இருந்தது. பனியில் துளையிட்டு மீன் பிடிக்க இரண்டு பேர் கடப்பாரையோடு வருவது தெரிந்ததும் ரோமத் தொப்பியை மூக்குவரை இழுத்துவிட்டுக்கொண்டார்.

"போலாம்."

"அவங்க நம்மளப் பார்க்கவே இல்லைங்க."

"போலாம்னா போலாம்."

குளிர்காலம் முடியும் தறுவாயில், மதியச் சூப்பு குடித்துக்கொண்டிருந்தவர் கையிலிருந்து கரண்டி விழுந்தது. ரபிகா குனிந்து எடுத்து நிமிர்வதற்குள் எல்லாம் முடிந்துவிட்டது.

சீடர்கள் வந்தார்கள். கம்பளத்தில் சுற்றிய உடலைத் தோளில் ஏற்றி, எங்கும் நிற்காமல், எங்கும் திரும்பாமல் நேரே சரிவு வழியாக வெளியே கொண்டுபோனார்கள். "வாத்தியார் எவ்வளவு சுலபமா வந்துட்டார்" என்று ஒருவன் சொல்லிவிட்டான். பக்கத்தில் இருந்தவன் அவனை முழங்கையால் இடித்தான். ரபிகா காதில் அது விழுந்தது.

அவர் போன நாற்பதாம் நாள் சடங்கு விருந்து முடிந்து பாத்திரம் கழுவும்போது, வந்திருந்த ஷோல்பன் தன்னோடு வரச் சொல்லி மறுபடியும் கூப்பிட்டாள்.

"தனியா எதுக்கும்மா? வந்துடுங்க."

"இங்க எனக்கென்ன குறை? எல்லாம் கைக்கு எட்டற மாதிரி இருக்கு." ஈரக் கையைத் துடைத்துக்கொண்டு சொன்னாள்: "இந்த வீட்டை எனக்காகத்தான் பார்த்தேன் போல. அவருக்குன்னு சொல்லிக்கிட்டேன்."

"அப்படிச் சொல்லாதீங்கம்மா."

"சொல்லாம இருந்தா இல்லைன்னு ஆயிடுமாடி?"

ஷோல்பன் தட்டைத் துடைத்துக்கொண்டே இருந்தாள். தாயை ஏறிட்டுப் பார்க்கவில்லை. மறுநாள் ரயிலேறினாள்.

ரபிகா இன்னும் அங்கேதான் இருக்கிறாள். முன்னறையை வருகிறவர்களுக்கென்று சுத்தமாக வைத்திருக்கிறாள். வருகிறவர்கள் குறைவு. அவள் படுப்பது பின்னறையில்.