நாற்காலியைக் குலுக்கும் வேலை

என் எழுத்து மேஜைக்கு முன்னால் கிடக்கும் நாற்காலியின் முதுகில், இரண்டு பக்கமும் ரெக்சின் தேய்ந்து பஞ்சு தெரியும். உட்கார்ந்தவர் தேய்த்ததல்ல. பின்னால் நின்று நான் பிடித்துக் குலுக்கியதில் வந்தது. நகைச்சுவை எழுதுகிறவன் என்று குன்னூரில் நாலு பேருக்கு என்னைத் தெரியும். புயல் வீசச் செய்கிறவன் என்று என்னை நம்பியவர் ஒருவர்தான்.

அவர் பக்கத்து வீட்டுக் கேப்டன். ஓய்வு பெறும்வரை சிமுலேட்டரில், அதாவது தரையைவிட்டு நகராமலே பறப்பதுபோல் காட்டும் இயந்திரத்தில், விமானிகளுக்குப் பயிற்சி கொடுத்தவர். அவரிடம் படித்தவர்களில் அவருடைய ஒரே மகனும் உண்டு. அவன் ஓட்டிய சிறிய விமானம் வடக்கே ஒரு மலையோரம் புயல் மழையில் விழுந்தது. விமானியின் தவறு என்று விசாரணையில் சொல்லிவிட்டார்கள். அதன்பிறகு கேப்டன் வீட்டுக் கம்ப்யூட்டரில் ஒரு சிமுலேட்டரை ஏற்றிக்கொண்டு, அதே மலை, அதே மழை என்று மாலைதோறும் ஓட்டினார். ஒவ்வொரு தடவையும் பத்திரமாக இறங்கினார். இறங்கியபின் முகத்தில் ஈயாடாது. தன்னால் முடிந்தது மகனாலும் முடிந்திருக்க வேண்டுமே.

"இது காத்தே இல்லைங்க, தாலாட்டு," என்று திரையில் ஆடும் விமானத்தைக் காட்டி என்னிடம் சொல்வார். "இடது, வலது, இடது, வலது. நெசக் காத்து சொல்லிட்டா அடிக்கும்? நீங்க பின்னால நின்னு நாற்காலியை ஆட்டுங்க."

நான் விமானம் ஏறியது ஒரே தடவை, அதுவும் கண்ணை மூடிக்கொண்டு. இருந்தும் பதவியை ஏற்றுக்கொண்டேன். நான் வேலை பார்த்த தேயிலை ஏல ஆபீசில் எனக்கு இவ்வளவு அதிகாரம் கிடைத்ததில்லை. ஆனால் என் புயலில் ஒரு சீர் இருந்தது. "ஏனுங்க, மாவு சலிக்கறீங்களா?" என்று திரும்பாமலே கேட்பார். டீ கொண்டுவந்த என் மனைவி ஒருநாள் வாசலிலேயே நின்றுவிட்டாள். "ஊட்டுல தொட்டில் ஆட்டச் சொன்னப்ப இந்தக் கையெல்லாம் எங்க போயிருந்துச்சுங்க?" கேப்டன் சிரித்தார். அவர் சிரித்து நான் பார்த்தது அன்று மட்டும்தான்.

ஒரு மழை மாலை. திரையில் மேகம் வெள்ளையடித்த சுவர்போல நேர்த்தியாக நின்றது. வெளியே வெலிங்டன் பக்கமிருந்து ஏறிய மூடுபனி, கேட்காமலே ஜன்னல் வழியாக உள்ளே வந்து எங்கள் சட்டையை நனைத்தது. அன்று நான் திரையைப் பார்க்கவில்லை, அவர் கையைப் பார்த்தேன். அது விமானத்தை ஓட்டும் ஒரு பிடியை விட்டு இன்னொன்றுக்குத் தாவும் நேரம் பார்த்து, இருக்கிற பலத்தையெல்லாம் கொடுத்து உலுக்கினேன். கை தவறியது. மலை திரை முழுக்க வந்து நின்றது.

கேப்டன் கைகளை மடியில் வைத்துக்கொண்டார். "பிடிக்க முடியலைங்க," என்றார். திரையைப் பார்த்தபடியே, "யாராலயும் முடியாதுங்க, இல்லைங்களா?"

"முடியாதுங்க சார்," என்றேன், ஆகாயத்திலேயே பிறந்து வளர்ந்தவன்போல.

முதல் தடவையாக நாற்காலியை என் பக்கம் திருப்பினார். "காத்து இப்படித்தான் அடிக்கும்னு ஆட்டினீங்களா, இல்ல எனக்காக ஆட்டினீங்களா?"

வார்த்தையால் பிழைக்கிறவன், ஜன்னலைச் சாத்தப் போனேன். "சரி, டீ ஆறுது, குடிங்க," என்று அவரே என்னைக் காப்பாற்றினார். பிறகு அந்தக் கம்ப்யூட்டரை அவர் போடவே இல்லை. அடுத்த மழைக்காலத்தில் அவரும் இல்லை. வீட்டைக் காலி செய்ய வந்த உறவினர்கள், உங்களுக்கென்று சொல்லி வைத்திருந்தார் என்று இந்த நாற்காலியைக் கொண்டுவந்து போட்டார்கள்.

விமானம் ஏறி, கண்ணைத் திறந்து வைத்திருந்தால், காற்று அப்படித்தான் அடிக்குமா என்ற அவர் கேள்விக்குப் பதில் தெரிந்துவிடும். டெல்லியில் இருக்கும் என் மகன் டிக்கெட் எடுத்து அனுப்புவதாகச் சொல்லிக்கொண்டே இருக்கிறான். ரயிலே போதும் என்று சொல்லிவிட்டு, இந்த நாற்காலியில், தரைமேல், ஆடாமல் உட்கார்ந்திருக்கிறேன்.